சரியும் கம்பெனியில் சேர்ந்ததும் இருந்ததும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருங்குடியில் ஒரு டெலிகாம் மென்பொருள் கம்பெனியில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். சேர்ந்தபோது நான்கு மாடி நிறைய ஆட்கள். நான் பேப்பர் போட்ட, அதாவது ராஜினாமா செய்த, அன்று ஒரே மாடி, அதிலும் பாதி நாற்காலி காலி. அங்கே இன்னும் இருப்பவர்களும், அதே நிலையில் உள்ள வேறு கம்பெனிகளில் இருப்பவர்களும் இன்றுவரை எனக்கு ஃபோன் செய்கிறார்கள். கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்கு அதிகமாக நோக்கியாவை எடுத்திருக்கிறேன். ஏறியதும் இறங்கியதும் எல்லாருக்கும் தெரிந்த கதை, அதில் ஒரு பகுதி ஸ்ரீபெரும்புதூரிலேயே நடந்தது.

அக்கா, நான் இங்க சேர்ந்ததே தப்புதானே?

பெரும்பாலும் இல்லை. 2007இல் ஒருவர் நோக்கியாவில் சேர்ந்திருந்தால் அவரை யாராவது குறை சொல்லியிருப்பார்களா? அந்த வருடம் உலகில் விற்ற ஸ்மார்ட்போன்களில் பாதிக்கு அருகில் நோக்கியாவுடையவை. ஐபோன் அதே வருட நடுவில்தான் கடைக்கு வந்தது. நான்கே வருடத்தில், 2011 பிப்ரவரியில், நோக்கியா தன் சிம்பியன் இயங்குதளத்தைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோனுக்கு மாறுவதாக அறிவித்தது. 2007இல் சேர்ந்தவரிடம் 2011இன் செய்தித்தாள் இல்லை.

சேரும் நாளில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கையில் இருந்த வேறு ஆஃபர், வீட்டுக் கடன், அன்றைக்கு அந்தக் கம்பெனியின் பெயர், இவ்வளவுதான் இருக்கும். அதை வைத்துப் பார்த்தால் சரியாகத்தான் முடிவெடுத்திருப்பீர்கள். இருந்தது வேறு கதை. சேர்வது ஒரே ஒரு முடிவு. இருப்பதை ஒவ்வொரு வருட அப்ரைசல் முடிந்ததும் மறுபடி முடிவு செய்கிறோம், முடிவு செய்கிறோம் என்று தெரியாமலேயே. வருத்தப்பட இடம் இருந்தால் அது அங்கேதான்.

கம்பெனி கீழ போகுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

காபி மெஷினை எடுத்துவிட்டார்கள், கேப் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்வார்கள். லாபத்தில் ஓடும் கம்பெனியும் அதைச் செய்யும். நான் பார்ப்பது வேறு. போனவர் இடத்துக்கு ஆள் எடுக்கிறார்களா? புது வாடிக்கையாளர் வருகிறாரா, அல்லது பழைய வாடிக்கையாளரின் பராமரிப்பு வேலை மட்டும் ஓடுகிறதா? யாரிடமும் புலம்பாமல் வேலை செய்யும் மூத்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்களா? எங்கள் கம்பெனியில் ஒரே காலாண்டில் அப்படி மூன்று பேர் போனார்கள். மூன்று பேருக்கும் கேக் வெட்டினோம். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்று உறைக்கவில்லை.

கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய அடையாளம் இரண்டு. ஒன்று, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக். ஒரு மாதப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கம்பெனி கட்ட வேண்டும். இரண்டு, வருமான வரித் தளத்தில் உள்ள 26ஏ.எஸ். பக்கம். சம்பளத்தில் பிடித்த வரியைக் கம்பெனி நிஜமாகவே கட்டியிருக்கிறதா என்பது அதில் தெரியும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து, இந்த இரண்டு இடத்திலும் மாதக்கணக்கில் பணம் வராமல் இருந்தால், மற்ற எதையும் யோசிக்க வேண்டாம். அன்றைக்கே வேலை தேட ஆரம்பியுங்கள்.

டீம் ரொம்ப நல்ல டீம். மேனேஜர் தங்கமான மனுஷர். இதை விட்டுட்டு எதுக்குப் போகணும்?

என்னைப் பதினொரு வருடம் கட்டிப்போட்டது இதுதான். அதனால் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். என் திருமணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அந்த டீம்தான்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆட்குறைப்புப் பட்டியல் பெரும்பாலும் உங்கள் மேனேஜர் கையில் இருக்காது. மேலிருந்து எண்ணிக்கை வரும், அவர் பெயர்களை நிரப்புவார். சில சமயம் அவர் பெயரையே வேறு யாராவது நிரப்பியிருப்பார்கள். எங்கள் மேனேஜருக்கு அப்படித்தான் ஆனது. அவர் நல்லவர் என்பது உண்மை, ஆனால் உங்களைக் காப்பாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. டீம் நட்பு கம்பெனி மாறினாலும் இருக்கும். எங்கள் டீம் இப்போது எட்டு கம்பெனிகளில் சிதறிக் கிடக்கிறது. வாட்ஸாப்பில் இன்னும் தினமும் பேசிக்கொள்கிறோம்.

நாலு வருஷம் ஏழு மாசம் ஆச்சு. அஞ்சு வருஷம் முடிச்சு கிராஜுவிட்டி வாங்கிட்டுப் போகவா?

கிராஜுவிட்டி என்பது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை. முதலில் கணக்கு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டையும் கூட்டி 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால் ஐந்து வருடத்துக்குச் சுமார் 1,15,000 ரூபாய் வரும். வெளியே மாதம் 15,000 கூடுதலாகக் கிடைக்கும் என்றால் எட்டு மாதத்தில் அந்தப் பணம் வந்துவிடும். கிராஜுவிட்டிக்காகக் காத்திருப்பது சரியா என்பதை இந்த இரண்டு எண்களை வைத்துப் பாருங்கள்.

அப்புறம், உங்கள் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி இருக்கலாம். வாரத்துக்கு ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடங்களில் 190 நாள் வேலை செய்தாலே, மற்ற இடங்களில் 240 நாள் வேலை செய்தாலே, அது ஒரு முழு வருடத் தொடர் பணி என்று கிராஜுவிட்டிச் சட்டம் சொன்னது. இதை வைத்து, ஐந்தாம் வருடத்தில் அந்த நாட்களை முடித்தவருக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் ஏற்றுக்கொண்டது. எல்லாக் கம்பெனியும் இதைத் தானாகத் தராது. பேப்பர் போடுவதற்கு முன்பே எச்.ஆரிடம் மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலில் வாங்கி வையுங்கள்.

இசாப்ஸ் கொடுத்திருக்காங்க. இன்னும் ரெண்டு வருஷம் இருந்தா முழுசா வந்துடும்.

இசாப்ஸ் என்றால் கம்பெனியின் பங்கைக் குறித்த விலைக்குப் பிறகு வாங்கிக்கொள்ளும் உரிமை, அதாவது ஆப்ஷன். அதில் எது வரும் என்று பார்க்க வேண்டும். பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனியின் பங்கை வாங்க ஓர் ஆள் வேண்டும். கம்பெனி சரியும்போது அந்த ஆள்தான் முதலில் காணாமல் போவார். போதாதற்கு, ஆப்ஷனைப் பங்காக மாற்றும் நாளிலேயே, அன்றைய மதிப்புக்கும் நீங்கள் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சம்பள வருமானமாக எடுத்து வரி போடுவார்கள். பங்கை விற்று ஒரு ரூபாய்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள், வரி மட்டும் கட்டியிருப்பீர்கள்.

வேலையை விட்ட பிறகு எத்தனை நாளுக்குள் மாற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். பல இடங்களில் 90 நாள்தான். அந்தத் தாளை இன்றே தேடி எடுத்துப் படியுங்கள். சரியும் கம்பெனியில் இருப்பதற்கு இசாப்ஸ் ஒரு காரணமே இல்லை என்பது என் கருத்து.

எட்டு வருஷமா ஒரே புராடக்ட். அதுவும் கம்பெனி தானே எழுதின டூல். வெளிய இதுக்கு விலை இருக்கா?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் கவலைப்படும் கேள்வி இது.

நோக்கியாவின் சிம்பியன் ஆட்களைப் பாருங்கள். சிம்பியனில் எழுதியது சி பிளஸ் பிளஸ் மொழியில்தான், ஆனால் அதற்கென்றே தனி வழக்கங்கள் இருந்தன. எழுத்துச் சரங்களைக் கையாளுவது, பிழைகளைச் சமாளிப்பது, நினைவகத்தை விடுவிப்பது எல்லாமே வேறு மாதிரி. வருடக்கணக்கில் கற்ற அந்த வழக்கங்களுக்கு வெளியே தேவையே இல்லாமல் போயிற்று. 2011 ஏப்ரலில் 4,000 பேரைக் குறைக்கப்போவதாகவும், சிம்பியன் வேலையில் இருந்த 3,000 பேரை ஆக்சென்சருக்கு மாற்றப்போவதாகவும் நோக்கியா அறிவித்தது. இன்னொரு பக்கம், பின்லாந்தின் வடக்கே ஔலு என்ற ஊர். நோக்கியாவின் ரேடியோ வேலைகள் நடந்த ஊர் அது. நோக்கியாவின் ஃபோன் தொழில் சரிந்த பிறகு அங்கே இருந்த திறமையை நம்பியே வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்தன. தைவானின் சிப் கம்பெனியான மீடியாடெக் 2014இல் அங்கே ஆய்வு மையம் திறந்தது. ரேடியோ அலை பற்றிய அறிவு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் செல்லுபடியாகும்.

உங்கள் எட்டு வருடத்தையும் இப்படி இரண்டாகப் பிரியுங்கள். அந்த டூலின் மெனுவும் கட்டளைகளும் ஒரு பக்கம். அந்த டூல் தீர்த்த பிரச்சினை இன்னொரு பக்கம். நான் பில்லிங் மென்பொருளில் இருந்தேன். கம்பெனியின் டூலை இன்று யாரும் கேட்பதில்லை. ஒரே அழைப்புக்கு இரண்டு முறை பில் போகாமல் தடுப்பது எப்படி, மாத முடிவில் கோடிக்கணக்கான பதிவுகளைச் சரிபார்ப்பது எப்படி என்பது எனக்குத் தெரியும். என் இப்போதைய வேலை அதனால்தான் கிடைத்தது. ரெஸ்யூமில் டூலின் பெயரை ஒரு வரியில் முடித்துவிட்டு, தீர்த்த பிரச்சினையை எழுதுங்கள். அப்படி எழுத எதுவுமே வரவில்லை என்றால், படிக்க வேண்டியது என்ன என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவுல வேலை பார்த்த பொண்ணுங்க எல்லாம் முன்னாடியே சுதாரிச்சிருக்கலாமே?

இல்லை. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அந்த ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள். பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்துச் சுற்று வட்டாரங்களில் இருந்து வந்த இளம் பெண்கள் அதில் பெரும்பகுதி. பலருக்கு அதுதான் முதல் சம்பளம். ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. முடிவுகள் வேறெங்கோ எடுக்கப்பட்டன.

2013 செப்டம்பரில் நோக்கியா தன் ஃபோன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. அந்த நேரத்தில் இந்தியாவில் ஆயிரக்கணக்கான கோடிக்கு வரித் தகராறு ஓடிக்கொண்டிருந்ததால் ஆலையை விற்க முடியாதபடி வரித் துறை முடக்கி வைத்திருந்தது. அதை மாற்றிக் கொடுக்க 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் கேட்டது உச்ச நீதிமன்றம். 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது சென்னை ஆலை அதில் சேரவில்லை. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் சுமார் 5,000 பேர் வெளியேறினார்கள். மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியதும் 2014 நவம்பர் 1இல் உற்பத்தி நின்றது. அடுத்த மாதம் பக்கத்தில் இருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் மூடியது. லைனில் நின்று ஃபோன் பூட்டிய ஒரு பெண் இதில் எதை முன்கூட்டியே பார்த்திருக்க முடியும்?

ஐ.டி.யில் இருக்கும் நாம் நோட்டீஸ் பீரியடிலேயே மூன்று ஆஃபர் வாங்கலாம். அவர்களுக்கு அந்த வசதி இல்லை. முன்பு சொன்ன "ஒவ்வொரு வருடமும் ஒரு முடிவு" என்பது வேறு வாசல் திறந்திருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அந்த ஆலையை 2019இல் சால்காம்ப் வாங்குவதாக அறிவித்தது, பிறகு அங்கே சார்ஜர் தயாரிப்பு வந்தது. ஐந்து வருடம் கழித்து வந்த வேலை 2014இல் வெளியேறியவர்களின் இ.எம்.ஐ.க்கு உதவவில்லை.

கம்பெனி ஒரு பேக்கேஜ் கொடுத்துப் போகச் சொல்லுது. வாங்கிக்கறதா, இல்ல நிக்கறதா?

முதல் சுற்றில் வரும் பேக்கேஜ்தான் பெரும்பாலும் நல்லதாக இருக்கும். கம்பெனியிடம் அப்போது இன்னும் பணம் இருக்கும், பெயர் கெடக்கூடாது என்ற பயமும் இருக்கும். மூன்றாம் சுற்றில் இரண்டுமே தீர்ந்திருக்கும். நான் முதல் சுற்றில் மறுத்தேன். எட்டு மாதச் சம்பளம் தருவதாகச் சொன்னார்கள். கடைசியில் நானாகப் பேப்பர் போட்டபோது நோட்டீஸ் பீரியட் சம்பளத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. என் வருத்தங்களில் பணக்கணக்கில் பெரியது இதுதான்.

பணம் மட்டும் கேட்காதீர்கள். ஜெர்மனியில் போகும் (Bochum) என்ற நகரில் நோக்கியா 2008இல் ஆலையை மூடியபோது 2,300 பேர் வேலை இழந்தார்கள், ஊரே திரண்டு போராடியது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, 2011இல் ஆட்குறைப்பு வந்தபோது "பிரிட்ஜ்" என்ற திட்டம் கொண்டுவந்தார்கள். வேறு வேலை தேட உதவி, புதுப் படிப்பு, சொந்தத் தொழில் தொடங்குபவருக்கு 25,000 யூரோ வரை உதவி. அங்கிருந்து பிறந்த சின்னக் கம்பெனிகள் நிறைய. நம் ஊரில் யாரும் தானாக இதைத் தர மாட்டார்கள். ஆனாலும் மருத்துவக் காப்பீட்டை ஆறு மாதம் நீட்டிப்பது, லேப்டாப், நல்ல ரிலீவிங் லெட்டர், படிப்புச் செலவு இவற்றை எல்லாம் கேட்கலாம். கேட்டவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

பேக்கேஜ் எல்லாம் இல்ல. ரூமுக்குக் கூப்பிட்டு ராஜினாமா எழுதிக் கொடுன்னு உட்கார வெச்சுட்டாங்க. என்ன செய்றது?

அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் பேசிவிட்டு நாளை சொல்கிறேன்" என்று எழுந்து வாருங்கள். வந்ததும், நடந்ததை அப்படியே எச்.ஆருக்கு மெயில் போடுங்கள், உங்கள் சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் வையுங்கள். ராஜினாமா எழுதிவிட்டால் நீங்களாகப் போனதாகத்தான் பதிவாகும். கம்பெனி நீக்கினால், சட்டப்படி தொழிலாளி என்ற வகைக்குள் வருபவருக்கு, ஒரு வருடம் வேலை செய்திருந்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்த 15 நாள் கணக்கு தொடர்கிறது.

மென்பொருள் எழுதுபவர் தொழிலாளி இல்லை என்று மிரட்டுவார்கள். பதவியின் பெயர் முக்கியமில்லை, நீங்கள் நிஜமாகச் செய்த வேலை என்ன என்பதைத்தான் பார்ப்பார்கள். 2015 ஜனவரியில், பெரிய ஐ.டி. கம்பெனி ஒன்று நீக்கிய கர்ப்பிணி ஊழியருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழக அரசும் 2016இல் தெளிவுபடுத்தியது. மேனேஜர் பொறுப்பில் இருந்தால் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது. எதற்கும் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் ஆர்டர் லெட்டரோடு போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்தக் கட்டணம் வீண்போகாது.

இருந்து ஜெயிச்சவங்களே கிடையாதா? எல்லாரும் ஓடித்தான் போகணுமா?

இருக்கிறார்கள். 2009 ஜனவரி 7ஆம் தேதி, கணக்குகளில் மோசடி செய்ததாக ஹைதராபாத் ஐ.டி. கம்பெனியான சத்யத்தின் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார். அன்று அங்கே வேலை பார்த்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். மூன்று மாதத்தில், ஏப்ரலில், டெக் மகிந்திரா அதை எடுத்துக்கொண்டது. கையில் புராஜெக்ட் இல்லாத ஆயிரக்கணக்கானோர் குறைந்த சம்பளத்தில் வீட்டில் உட்கார வைக்கப்பட்டார்கள் என்பதும் உண்மை. வாடிக்கையாளர் வேலையில் இருந்தவர்கள் பலர் அப்படியே தொடர்ந்தார்கள், 2013இல் இரண்டு கம்பெனிகளும் இணைந்தன.

சத்யத்தில் பொய் இருந்தது கணக்குப் புத்தகத்தில். செய்துகொண்டிருந்த வேலைக்கு வாடிக்கையாளர் இருந்தார். நோக்கியாவின் சிம்பியனில் கணக்கு சரியாக இருந்தது, வேலைக்குத்தான் எதிர்காலம் இல்லை. உங்கள் கம்பெனி எந்த வகை என்று பாருங்கள். முதல் வகை என்றால் நின்று பார்க்கலாம், இரண்டாவது கேள்வியில் சொன்ன பி.எஃப்., வரிச் சோதனைகள் சரியாக இருக்கும் வரை.

இன்டர்வியூல "ஏன் இவ்வளவு நாள் அங்கயே இருந்தீங்க"ன்னு கேட்டா?

பழைய கம்பெனியைத் திட்டாதீர்கள். அங்கே கடைசி மூன்று வருடத்தில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். ஆட்கள் குறைந்த இடத்தில் ஐந்து பேர் வேலையை ஒருவர் பார்த்திருப்பீர்கள், அது அனுபவம்தான்.

வீட்ல இன்னும் சொல்லல. அப்பா ஊர்ல எல்லார்கிட்டயும் இந்தக் கம்பெனி பேரைச் சொல்லித்தான் பெருமைப்படுவார்.

சொல்லிவிடுங்கள், சம்பளம் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே. என் அப்பாவிடம் நான் ஒரு வருடம் சொல்லவில்லை. அந்த வருடத்தில் அவர் வீட்டுக்கு மாடி எடுக்கத் தொடங்கிவிட்டார், என் சம்பளத்தை நம்பி. சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "முன்னாடியே சொல்லியிருந்தா கீழ்வீட்டோட நிறுத்தியிருப்பேனேம்மா."

பத்து வருஷம் வீணாப் போச்சுங்கிற நினைப்பு தூங்க விட மாட்டேங்குது.

முதல் கேள்விக்குச் சொன்ன அதே தாளை எடுங்கள். இந்த முறை ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: அந்த வருடம் போகாததற்கு என்ன காரணம்? என் பதினொரு வருடத்தை எழுதினேன். முதல் ஐந்து வருடம் நிஜமாகவே கற்றுக்கொண்டிருந்தேன். ஆறாவதில் பிரசவம். ஏழாவதில் குழந்தையோடு புது இடத்தில் முதலிலிருந்து தொடங்கத் தெம்பு இல்லை, பக்கத்திலேயே ஆபீஸ். எட்டில் அம்மாவின் அறுவை சிகிச்சை, காப்பீடு தேவைப்பட்டது. காரணமே எழுத முடியாமல் நின்றவை மூன்று வருடங்கள், ஒன்பது முதல் பதினொன்று வரை. பயம்தான். அந்த மூன்றுக்கு நான் வருத்தப்படுகிறேன். பதினொன்றுக்கு வருத்தப்படுவதைவிட அது சுமக்கக்கூடியதாக இருக்கிறது.

பணத்தில் எல்லாமே போகவில்லை என்பதையும் பாருங்கள். பத்து வருடப் பி.எஃப். சேவை முடிந்திருந்தால் வயதான பிறகு ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு. கம்பெனி மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல் புதுக் கணக்குக்கு மாற்றினால் அந்தச் சேவைக் காலமும் கூடவே வரும். தூக்கமே வராத நிலை வாரக்கணக்கில் நீண்டால் மருத்துவரைப் பாருங்கள். நானும் பார்த்தேன்.

நானே என் ஃப்ரெண்டை ரெஃபர் பண்ணிச் சேர்த்துவிட்டேன். இப்ப அவளுக்கு வேலை போயிடுச்சு. எப்படி அவ முகத்துல முழிக்கறது?

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரியில் எனக்கு ஜூனியரான ஒரு பெண்ணை நான்தான் சேர்த்துவிட்டேன். ரெஃபரல் போனஸ் 25,000 ரூபாய் வாங்கினேன். ஒன்றரை வருடத்தில் அவளை நீக்கினார்கள். நான்கு மாதம் நான் அவளுக்கு ஃபோன் செய்யவில்லை, வெட்கம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூரில் அவள் வீட்டுக்கே போனேன். "சேர்த்துவிட்டதுக்கு உங்க மேல கோபம் இல்லக்கா. வேலை போன அன்னைக்கு நீங்க கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன், அதுதான்" என்றாள். அன்று மாலை இருவரும் உட்கார்ந்து அவள் ரெஸ்யூமைத் திருத்தினோம். அடுத்த ஆறு வாரம் தினமும் இரவு ஒன்பது மணிக்கு இன்டர்வியூவுக்குத் தயார் செய்தோம். உங்கள் தோழிக்கு இன்றே ஃபோன் செய்யுங்கள்.